கடையில் வாங்கும் மாதிரி ரயில் வண்டி அசலுக்கு எவ்வளவு பொருந்துகிறது? நாமே பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: 1950களின் பிரிட்டிஷ் ரயில்வேயை ஓஓ (OO) அளவில், அதாவது அசலைவிட ஏறத்தாழ 76 மடங்கு சிறிதாக, வீட்டில் அமைக்க நினைக்கும் ஒருவர், 16 டன் நிலக்கரி வேகனை இரண்டு நிறுவனங்கள் விற்பதைப் பார்த்திருக்கிறார். ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. ஒரு விமர்சனம் விலை குறைந்ததையே பிரமாதம் என்கிறது, இன்னொன்று அதிலேயே வரிசையாகக் குறை அடுக்குகிறது. யாரை நம்புவது, வண்டியைக் கையில் எடுத்துத் தானே சோதிக்க வழி உண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. ஒரு காலிபர் (மில்லிமீட்டரின் பகுதியையும் அளக்கும் கருவி), கொஞ்சம் கணக்கு, தேதி தெரிந்த நாலைந்து புகைப்படங்கள் போதும். ஆனால் அளவெடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். "இந்த மாதிரி துல்லியமா?" என்று மொட்டையாகக் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. எந்த வண்டிக்கு, எந்த ஆண்டில் அது இருந்த நிலைக்குத் துல்லியம் என்று கேட்க வேண்டும். விமர்சனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம், இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்டுக்கொள்ளாததுதான்.

ஒரு உதாரணம். பிரிட்டனில் சுரங்கக் கம்பெனிகளும் நிலக்கரி வியாபாரிகளும் சொந்தமாக வேகன் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர், சிவப்பு, கறுப்பு, பச்சை என்று பளிச்சென்ற வண்ணம். 1939இல் போர் தொடங்கியதும் அந்த வேகன்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துப் பொதுவில் ஓட்டியது. 1948இல் ரயில்வே தேசியமயமானபோது அவையும் அதில் சேர்ந்தன, எண்ணுக்கு முன்னால் பி (P) என்ற எழுத்து வந்தது. நடுவில் வண்ணம் பூச யாரும் மெனக்கெடவில்லை. 1950களில் அவை வெளுத்து, பெயர் பாதி அழிந்து, உடைந்த பலகைக்குப் பதில் வண்ணமே பூசாத புதுப் பலகை அடித்த நிலையில்தான் ஓடின. ஆகவே அளவில் ஒரு முடி பிசகாத, 1935இன் வண்ணத்தில் மின்னும் ஏழு பலகை வேகன் ஒன்றை வாங்கி 1955ஆம் வருடத்துப் பாதையில் நிறுத்தினால், மாதிரி சரி, இடம் தவறு. விமர்சகர் பிரமாதம் என்று எழுதியது 1935ஐ மனதில் வைத்து. உங்களுக்கு வேண்டியது 1955.

அடுத்து, நிறுவனத்தின் கையில் இல்லாத ஒரு பிழையைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். ஓஓ என்பது ஓர் அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76.2. ஆனால் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அசலில் 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி அது 18.83 மி.மீ. ஆக இருக்க வேண்டும். ஓஓ வண்டி ஓடுவது ஏறத்தாழ 4 அடி 1½ அங்குலப் பாதையில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் ஹெச்ஓ அளவில் அதே 16.5 மி.மீ. பாதைக்கு 1:87 உடல் சரியாகப் பொருந்தும். பிரிட்டிஷ் என்ஜின்கள் அசலிலேயே ஒல்லி, அன்றைய மோட்டார்களோ பெரியவை. 1:87 உடலுக்குள் மோட்டார் அடங்காததால், உடலை மட்டும் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938இல் ஹார்ன்பி டப்ளோ என்ற மாதிரி ரயில் வரிசை வந்தபோது இந்தக் கலவை வேரூன்றிவிட்டது. இதைச் சரிசெய்ய வேண்டும் என்பவர்கள் 18.2 மி.மீ. பாதையில் இஎம், 18.83இல் பி4 (P4) என்று தனி வழி கண்டு, வாங்கிய வண்டிக்குச் சக்கரம் மாற்றி ஓட்டுகிறார்கள். கடையில் வாங்கியதை அப்படியே ஓட்டப் போகிற நீங்கள் பாதை ஒல்லியாக இருப்பதை எந்தத் தனி வண்டியின் குறையாகவும் எழுத வேண்டாம். அது எல்லோருக்கும் பொது.

இந்த முரண்பாடு ஓஓவுக்கு மட்டும் உரியதல்ல. என் கேஜ் எனப்படும் 9 மி.மீ. பாதையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1:160 வைத்துக்கொண்டன, பிரிட்டன் 1:148. ஜப்பானில் பெரும்பாலான பாதைகள் 1067 மி.மீ. அகலம், அந்த வண்டிகளை 1:150இல் செய்து அதே 9 மி.மீ. பாதையில் விடுவதால் அங்கே பாதை தேவைக்கு மேல் அகலம். ஷின்கன்சென் மட்டும் 1435 மி.மீ. பாதை என்பதால் அதை 1:160இல் செய்கிறார்கள். ஒரே அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இத்தாலியின் லிமா நிறுவனம் 1970களில் முதலில் கொண்டுவந்த பிரிட்டிஷ் வண்டிகள் ஹெச்ஓ அளவில் வந்தவை, பிறகுதான் ஓஓவுக்கு மாறினார்கள். பழைய சாமான் கடையில் லிமா பெட்டி ஒன்று மற்றவற்றுக்குப் பக்கத்தில் சுண்டிப்போனதுபோல் தெரிந்தால் காரணம் இதுதான்.

சரி, 16 டன் வேகனைக் கையில் எடுப்போம். பிரிட்டிஷ் ரயில்வேயிலேயே அதிகம் கண்ணில் பட்ட வண்டி இது. எஃகுத் தகட்டில் செய்தது. அசலில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 9 அடி, அண்டர்ஃபிரேம் (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) நீளம் பஃபரை, அதாவது முனையில் இடி தாங்கும் முட்டுகளை, சேர்க்காமல் 16 அடி 6 அங்குலம், சக்கர விட்டம் 3 அடி 1½ அங்குலம். நாலால் பெருக்குங்கள்: 36, 66, 12.5 மி.மீ. முதலில் அளக்க வேண்டியது அச்சு இடைவெளியை. பொம்மைக் காலத்திலிருந்து வந்த பழைய வார்ப்பு அச்சுகளில் எல்லா வேகனுக்கும் ஒரே அண்டர்ஃபிரேமைப் பொருத்தும் வழக்கம் இருந்தது, அது பெரும்பாலும் 10 அடிக் கணக்கில், அதாவது 40 மி.மீ. மூடிய சரக்கு வேன்களுக்கு 10 அடி சரி. அதே அடித்தளத்தின் மேல் நிலக்கரி வேகனின் உடலை வைத்தால், உடலும் பொருந்துவதற்காக நீட்டப்பட்டிருக்கும். 36க்கும் 40க்கும் வித்தியாசம் 4 மி.மீ.தான் என்று தோன்றலாம். அசலில் அது ஓர் அடி. இருபது வேகன் வரிசையாக நிற்கும்போது ரயிலின் சாயலே மாறிவிடும், சக்கரங்கள் ஓரத்துக்கு ஓடிப்போனதுபோல் இருக்கும். இதை வீட்டில் திருத்த முடியாது. அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

எவ்வளவு பிசகினால் பிழை? ஓஓவில் அரை மி.மீ. என்பது அசலில் 38 மி.மீ. 66 மி.மீ. நீளத்தில் அரை மி.மீ. கூடினால் யார் கண்ணுக்கும் தெரியாது, பிளாஸ்டிக் அச்சிலிருந்து வந்து ஆறும்போது சுருங்குவதிலேயே சிறிது போகும். அதே அரை மி.மீ. ஜன்னல் உயரத்திலோ இரண்டு ஜன்னலுக்கு நடுவே உள்ள தூணிலோ வந்தால் முகமே மாறிவிடும். மொத்த நீளத்தில் ஒரு சதவீதம் வரை நான் கண்டுகொள்ளமாட்டேன். விகிதம் தெரிகிற சின்ன இடங்களில்தான் கறாராக இருக்க வேண்டும்.

பிறகு வண்டி நிற்கும் உயரம். பிரிட்டிஷ் வண்டிகளில் பஃபரின் மையம் தண்டவாளத்தின் மேல்பரப்பிலிருந்து 3 அடி 5½ அங்குலம், ஓஓவில் 13.8 மி.மீ. ஒரு அட்டையை அந்த உயரத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டால் கடையிலேயே பார்த்துவிடலாம். பழைய மாதிரிகளில் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும். அது அடித்தளத்தில் இடிக்காமலிருக்க உடலைத் தூக்கி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் புதிய வேகனோடு கோத்தால் பஃபர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று நிற்கும். வேகன் தனியாக இருக்கும்வரை இந்தக் குறை தெரியவே தெரியாது, ரயிலில் சேர்த்ததும் முதலில் தெரிவது இதுதான்.

அடிப்பகுதிக்கு வருவோம். விலைக்கேற்ற உழைப்பு தெரியும் இடம் இங்கேதான், என்னை அதிக நேரம் உட்கார வைப்பதும் இதுதான். பிரேக் லீவரைப் பாருங்கள். அந்தக் கால வேகன்களில் நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கை லீவர் உங்களுக்கு வலதுபுறத்தில் முடியும். ரயில் நகரும்போது ஓடிக்கொண்டே அதை அழுத்துகிறவர் இருட்டிலும் தேடாமல் பிடிக்க வேண்டும் என்பதற்கான விதி. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பக்க லீவரும் வண்டிக்குக் குறுக்கே போகும் ஒரே தண்டைத்தான் திருப்புகின்றன. இந்தப் பக்கம் வலது முனையை அழுத்தினால் தண்டு நமக்குக் கடிகாரத் திசையில் சுழலும். எதிர்ப்பக்கம் போய் அங்கே வலது முனையை அழுத்தினாலும் அங்கிருப்பவருக்குக் கடிகாரத் திசைதான், ஆனால் இங்கிருந்து பார்க்கும்போது அது எதிர்த்திசை. ஒரு லீவர் பிரேக் போட, மற்றது பிரேக்கைத் தளர்த்தும். இதைத் தீர்க்க ஒரு பக்கத்தில் மட்டும் திசையை மாற்றிக் கொடுக்கும் ஒரு கிளட்ச் வைத்தார்கள், மார்ட்டன் கிளட்ச் என்று பெயர். ஆகவே மார்ட்டன் பிரேக் உள்ள வேகனின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவே முடியாது. லீவர் தண்டோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் கிளட்ச் தெரிய வேண்டும், மறுபக்கம் தெரியக் கூடாது.

வண்டியைத் திருப்பி இரண்டு பக்கத்தையும் பாருங்கள். அச்சு அசலாக ஒன்றே போல் இருந்தால், வடிவமைத்தவர் ஒரு பக்கப் படத்தை மட்டும் வைத்து மறுபக்கத்தை நகலெடுத்திருக்கிறார். என் மேசையில் இருக்கும் ஒரு வேகனில் அச்சு இடைவெளி 36.1 மி.மீ., உடலில் ரிவெட் வரிசை கூட எண்ணிக்கை பிசகவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் கிளட்ச். அந்த வேகனை ரயில்வே ஊழியர் ஒருவர் பார்த்தால் எப்படி நிறுத்துவது என்று குழம்பிப்போவார். எல்லா வேகனிலும் மார்ட்டன் பிரேக் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாக இயங்கும் பிரேக் கொண்டவையும் ஓடின, அவற்றில் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதுதான் சரி. எனவே எண்ணைப் பார்த்து, அந்த எண் வரிசை எந்த வகைப் பிரேக் என்று தெரிந்துகொண்ட பிறகே குறை சொல்லலாம்.

பிரேக் கட்டைகளையும் கவனியுங்கள். அவை சக்கரத்தின் ஓடுபரப்புக்கு நேரே இருக்க வேண்டும். பாதை ஒல்லியானதால் ஓஓவில் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ.க்கு மேல் உள்ளே தள்ளி நிற்கிறது. நிறுவனம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்: கட்டையை அசல் அளவில் வைத்தால் அது சக்கரத்துக்கு வெளியே காற்றில் தொங்கும், சக்கரத்துக்கு நேரே வைத்தால் அளவு தவறும். நான் இரண்டாவதை விரும்புகிறேன். பக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சக்கரமும் கட்டையும் சேர்ந்து தெரிவதுதான் முக்கியம். பி4 பாதைக்கு மாற்றப் போகிறவர் முதலாவதையே கேட்பார், அவர் கேட்பதும் நியாயம். ஒரே வண்டிக்கு இரண்டு நேர்மையான விமர்சனங்கள் எதிரெதிராக வருவது இப்படித்தான்.

உடலின் மேல் விளிம்பை எதிர் வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் அது எஃகுத் தகடு. 5 மி.மீ. தடிப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஓஓவில் 0.07 மி.மீ., காகிதத்தின் தடிப்பு. பிளாஸ்டிக்கில் ஒரு மி.மீ. சுவர் வார்த்தால் அது அசலில் 76 மி.மீ., எஃகு வேகன் மரப்பெட்டி போலாகிவிடும். நல்ல தயாரிப்பாளர் சுவரை உள்பக்கத்தில் மேல்நோக்கிச் சரித்து விளிம்பை மட்டும் மெலிதாக்குவார். இது திறமை, பாராட்ட வேண்டியது. நிலக்கரி ஏற்றி நிரப்பினால் சரிவு மறைந்துவிடும். மர வேகனில் பலகை இடுக்கும் இதே கதைதான். அசலில் இடுக்கு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். மாதிரியில் 0.2 மி.மீ. கோடு வெட்டினால் அது 15 மி.மீ. இடைவெளி, நிலக்கரித்தூள் எல்லாம் வழியில் கொட்டியிருக்கும். ஆனால் கோட்டை அதைவிட மெல்லியதாக்கினால் வண்ணம் பூசியதும் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன், பள்ளம் தோண்டியதுபோல் இருந்தால் ஏற்பதில்லை.

எழுத்துகளும் வண்ணமும். பிரிட்டிஷ் ரயில்வேயில் தொடர் பிரேக் (என்ஜினிலிருந்தே ரயில் முழுவதும் போடும் பிரேக்) இல்லாத சரக்கு வேகன் சாம்பல் நிறம், வாக்குவம் பிரேக் இணைந்தது பாக்சைட் எனப்படும் செம்பழுப்பு. சாம்பல் வேகனின் அடியில் வாக்குவம் சிலிண்டர் தொங்கினாலோ, செம்பழுப்பு வேகனில் அது இல்லாவிட்டாலோ உடனே சந்தேகப்படுங்கள். பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், எந்த முனையில் திறக்கும் கதவு இருக்கிறது என்று காட்டுவதற்காக. கதவு ஒரு முனையில் மட்டும்தான். ஆகவே ஒரு பக்கம் கோடு இடது சாய்வு என்றால் மறுபக்கம் வலது சாய்வாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அச்சைக் குத்திவிட்டால் ஒரு கோடு கதவே இல்லாத முனையைக் காட்டும். வேகன் வகையைக் குறிக்கும் எம்சிஓ, எம்சிவி போன்ற எழுத்துகள் 1970களில் டாப்ஸ் கணினி முறையோடு வந்தவை. உங்கள் 1955க்கு அவை ஆகா. உடல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த அச்சு உங்களுக்கு உதவாது.

பயணிகள் பெட்டிகளில் தேதிப் பிரச்சினை இன்னும் கூடுதல். பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 பெட்டி 1951இல் வந்தது. பெரிய வகையின் உடல் நீளம் 64 அடி 6 அங்குலம், ஓஓவில் 258 மி.மீ. போகி (பெட்டியின் அடியில் இரு முனையிலும் சுழலும் சக்கரத் தொகுதி) மையங்களுக்கு நடுவே 46 அடி 6 அங்குலம், 186 மி.மீ. போகியின் அச்சு இடைவெளி 8 அடி 6 அங்குலம், 34 மி.மீ. சக்கரம் 14 மி.மீ. நாலும் பொருந்தினால் எலும்புக்கூடு சரி. வண்ணம் 1956 வரை சிவப்பும் பாலேடும், பிறகு மரூன், 1960களின் நடுவிலிருந்து நீலமும் சாம்பலும். போகிகளும் மாறின: முதலில் பிஆர் 1, 1950களின் கடைசியில் கனமான வார்ப்பெஃகு காமன்வெல்த் போகி, 1960களில் பி4 (B4; முன்பு சொன்ன பி4 பாதை வேறு). ஆகவே சிவப்பு-பாலேடு பெட்டிக்கு அடியில் பி4 இருந்தால் எலும்புக்கூடு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. நிறுவனங்கள் ஒரே உடலை ஒவ்வொரு ஆண்டும் வேறு வண்ணத்தில் விடும்போது போகியை மாற்ற மறக்கும் வாய்ப்பு உண்டு.

பெட்டியின் எண்ணையும் படியுங்கள். 24, 25 என்று தொடங்கும் ஐந்திலக்க எண் இரண்டாம் வகுப்பு காரிடார் பெட்டி, 34, 35 கார்டு அறையோடு சேர்ந்தது, 13 முதல் வகுப்பு காரிடார். எண்ணுக்கும் உடலுக்கும் பொருந்தாவிட்டால் அச்சிட்டவர் கவனிக்கவில்லை. 1956 ஜூன் வரை அங்கே மூன்றாம் வகுப்பு என்றுதான் பெயர், அதன் பிறகே அதை இரண்டாம் வகுப்பு என்று அழைத்தார்கள். காரிடார் பெட்டியில் காரிடார் பக்கமும் அறைகள் பக்கமும் கதவு, ஜன்னல் அமைப்பில் வேறுபடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் வேகனின் கிளட்ச் விஷயத்தில் நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது.

கூரையையும் பக்கச்சுவரின் வளைவையும் காலிபரால் அளக்க முடியாது. முனையை நேராகப் பிடித்து, அதே வகைப் பெட்டியின் முனைப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். சுவர் கீழே வரவர உள்வாங்க வேண்டும், பலகைபோல் நேராக நிற்கக் கூடாது. பக்கத்திலிருந்து எடுத்த விளம்பரப் படத்தில் இந்தத் தவறு தெரியாது, அலமாரியில் வைத்தபிறகு தினமும் தெரியும். கண்ணாடி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் அப்படித்தான். சுவரின் தடிப்புக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டியிருந்தால் ஜன்னல் ஒவ்வொன்றும் குகைபோல் இருக்கும்.

இந்த இடத்தில் சமரசம் எதனால் என்று சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் ஓஓ வளைவுப் பாதையின் வழக்கமான ஆரம் 438 மி.மீ. அசலில் அது 33 மீட்டர். எந்த மெயின் லைன் பெட்டியும் அப்படி ஒரு வளைவில் திரும்பவே முடியாது. மாதிரிப் பெட்டி திரும்ப வேண்டும் என்பதற்காகப் போகி சுழல இடம் விட்டு, படிக்கட்டை வெட்டி, பெட்டிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டியிருப்பார்கள். இப்போது பல பெட்டிகளில் வளைவில் மட்டும் விரிந்து நேர்ப்பாதையில் நெருங்கும் கப்ளிங் (பெட்டிகளைக் கோக்கும் இணைப்பு) வருகிறது. அது இருந்தால் நான் சின்னச் சின்னக் குறைகளை மன்னித்துவிடுவேன், ரயில் ஒரே உடலாகத் தெரிவதற்கு அது செய்யும் உதவி அவ்வளவு பெரியது.

சமரசத்தின் உச்சம் ஐரோப்பிய ஹெச்ஓ பெட்டிகளில் இருக்கிறது. மேற்கு ஜெர்மனியின் எக்ஸ் வகைப் பெட்டி அசலில் 26.4 மீட்டர். 1:87இல் 303 மி.மீ. வர வேண்டும். சின்ன வளைவில் அது நடுவில் பாதைக்கு வெளியே தொங்கும். எனவே அகலத்தையும் உயரத்தையும் 1:87இல் வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் 1:93.5 ஆக்கி 282 மி.மீ. பெட்டியும், 1:100 ஆக்கி 264 மி.மீ. பெட்டியும் பல்லாண்டுகள் விற்றார்கள். இரண்டாம் வகுப்புப் பெட்டிக்கு அசலில் 12 அறைகள். குறுக்கிய மாதிரியில் ஜன்னல்களை ஒல்லியாக்கினால் எண்ணிக்கை சரியாக வரும், சாயல் போய்விடும். ஒரு அறையை எடுத்துவிட்டால் சாயல் நிற்கும், எண்ணிக்கை பிசகும். இதைப் பிழை என்று சொல்லமாட்டேன், பெட்டியின் மேலேயே நீளம் போட்டு விற்கிறார்கள், தெரிந்தே வாங்குகிறோம். ஆனால் 303 பெட்டியையும் 282 பெட்டியையும் ஒரே ரயிலில் கோக்காதீர்கள். தனித்தனியாக இரண்டும் அழகு, சேர்த்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

எதோடு ஒப்பிடுவது என்பதில் கொஞ்சம் எச்சரிக்கை. வரைபடம் என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். நகலெடுக்கும்போது தாள் ஒரு திசையில் கூடுதலாக இழுபடும். வரைபடத்திலேயே எழுதியிருக்கும் ஒரு நீளத்தையும் ஓர் உயரத்தையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். பொதுவரைபடம் பட்டறைக்குக் கொடுத்த உத்தரவு, அப்படியேதான் கட்டினார்கள் என்பதற்கு அத்தாட்சி அல்ல. அருங்காட்சியகத்திலோ பாரம்பரிய ரயிலிலோ இன்று நிற்கும் வண்டியை லேசர் கருவியால் ஸ்கேன் செய்து மாதிரி செய்வது இப்போது வழக்கம். வடிவம் அபாரமாக வருகிறது. ஆனால் ஸ்கேனில் விழுவது இன்றைய வண்டி. இடையில் கதவு மாற்றியிருப்பார்கள், ஒட்டுத்தகடு போட்டிருப்பார்கள், வேறு வண்டியின் போகியைப் பூட்டியிருப்பார்கள். ஸ்கேன் செய்தது என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எந்த வண்டியை, அது 1955இல் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது நேர்ப்பக்கத்திலிருந்து எடுத்த, தேதி தெரிந்த புகைப்படம். அதில் அச்சு இடைவெளி 9 அடி என்று தெரியும் என்பதால் அதையே அளவுகோலாக்கிக்கொள்ளலாம். படத்தில் அது 45 மி.மீ. என்றால் 5 மி.மீ.க்கு ஓர் அடி. கதவின் அகலம், தூண்களுக்கு நடுவே தூரம் எல்லாம் அப்படியே வந்துவிடும். சக்கரமும் கதவும் ஒரே தளத்தில் இல்லை என்பதால் கொஞ்சம் பிசகும், கிட்டே நின்று எடுத்த படத்தில் அதிகம் பிசகும், தூரத்திலிருந்து எடுத்ததில் குறைவு. வண்ணத்துக்கு மட்டும் பழைய கலர்ப் படத்தை நம்பவே வேண்டாம். ஃபிலிமும் மாறும், அச்சும் மாறும், அசல் வண்டியே ஆறு மாதப் புகையில் மாறும். வண்ணத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகள் ஒரே வெளிச்சத்தில் ஒரே மரூனாக இருக்கின்றனவா என்பது.

நம் ஊர் வண்டிகளை ஹெச்ஓவில் தேடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். நம் அகலப்பாதை 1676 மி.மீ., 1:87இல் 19.3 மி.மீ. ஓடுவது 16.5இல் என்பதால் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 1.4 மி.மீ. உள்ளே நிற்கும், அது பொதுக்குறை. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ., மாதிரியில் 245. போகி மையங்கள் 14,783, மாதிரியில் 170. போகி அச்சு இடைவெளி 2,896, மாதிரியில் 33. எல்எச்பி எனப்படும் புதுவகைப் பெட்டி என்றால் உடல் 23,540, மாதிரியில் 270 மி.மீ. 245ஐ ஒட்டி வரும் பெட்டிக்கு எல்எச்பியின் சிவப்பு-சாம்பல் வண்ணம் பூசியிருந்தால் காலிபர் அங்கேயே பதில் சொல்லிவிடும்.

இப்போது உங்கள் இரண்டு வேகன்கள். விலை குறைந்ததில் அச்சு இடைவெளி 36, உடல் 66, பஃபர் உயரம் 13.8 என்று வந்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். நிலக்கரி ரயிலுக்கு ஒரு வேகன் போதாது, பத்துப் பதினைந்து வேண்டும். தடித்த விளிம்பை நிலக்கரி மறைக்கும், தடித்த சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம், எண்ணை மாற்றி அழுக்கும் துருவும் பூசலாம். அந்த மூன்று அளவில் ஒன்று தவறினால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விலை கூடியதிலிருந்து இரண்டு மூன்று வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் வரும் ஸ்டேஷன் சைடிங்கில் நிறுத்தலாம். அவற்றில் மட்டும் பிரேக் அமைப்பும் வெள்ளைக் கோடும் இரண்டு பக்கமும் சரிதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: எண் படிக்கும்படியாக இரு பக்கமும் ஒவ்வொன்று, தலைகீழாக வைத்து அடிப்பகுதி ஒன்று.